மணம் சாட்சி சொல்லுமா? – அறிவியல் புனைவுத் துப்பறியும் கதையில் நுகர்வும் ஈர்ப்பும்

முன்னுரை

மலாய் மொழியில் 'கெலாங்' என்றால் வளையல். 'பாத்தா' என்றால் உடைந்தது. ஜோகூர் மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் அமைந்துள்ள கெலாங் பாத்தா என்னும் ஊரின் பெயரே ஒரு துப்பறியும் கதையின் முதல் தடயம் போல ஒலிக்கிறது. உடைந்த வளையல் துண்டு கண்ணுக்குத் தெரியும். அதை உறையில் இட்டு முத்திரை வைக்கலாம். நீதிபதியின் முன் எடுத்துக் காட்டலாம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்க்கலாம். மணத்திற்கு இவற்றுள் ஒன்றும் இயலாது. அது தோன்றிய கணத்திலிருந்தே கலைந்துகொண்டிருப்பது. கண்டவர் என்று எவரும் இல்லை. உணர்ந்தவர் மட்டுமே உண்டு.

ஆயினும் அறிவியல் புனைவு எழுதுவோரை மணம் நெடுங்காலமாகக் கவர்ந்து வந்துள்ளது. வேதியியலாளன் ஒருவன் மனித மனத்தை மயக்கும் மணப்பொருள் ஒன்றைக் கண்டுபிடிக்கிறான். அதை நுகர்ந்தவர் தம்மை மறந்து ஒருவர்பால் ஈர்க்கப்படுகிறார். ஒரு கொலை நிகழ்கிறது. துப்பறிவாளன் அதே மணத்தின் வழியே கொலைகாரனைப் பிடிக்கிறான். இக்கதை அமைப்பில் இரண்டு கூற்றுகள் பின்னிக் கிடக்கின்றன. மணத்தால் ஒருவரை வசப்படுத்த முடியும் என்பது ஒன்று. மணத்தால் ஒருவரை இன்னார் என்று ஐயமற அடையாளம் காண முடியும் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் எந்த அளவிற்கு மெய்யானவை என்பதையே இக்கட்டுரையில் நாம் நோக்க முற்படுகிறோம்.

கதைக்கு எதற்கு இத்தனை ஆராய்ச்சி என்று கேட்கலாம். முதற்கூற்றை நம்பினால் குற்றத்தின் சுமை செய்தவன் தோளிலிருந்து இறங்கி, பெரும்பாலும் பாதிக்கப்பட்ட பெண்ணின் உடல்மீது ஏறிவிடுகிறது. இரண்டாம் கூற்றை நம்பிய நாடுகளில் குற்றமற்றோர் சிறை சென்றிருக்கின்றனர். புனைவில் பழகிய நம்பிக்கை நீதிமன்றத்திற்குள் நுழைய அதிக நாள் பிடிப்பதில்லை.

புனைவில் மணமும் குற்றமும்

இவ்வகையில் உலகெங்கும் பேசப்பட்ட நாவல் ஜெர்மானிய எழுத்தாளர் பாட்ரிக் சூஸ்கின்ட் 1985இல் வெளியிட்ட 'நறுமணம்' என்னும் பொருள்படும் நாவலாகும். பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரான்சில் தனக்கென்று உடல்மணமே இல்லாமல் பிறந்த கிரெனூய் என்பவன், இளம்பெண்களைக் கொன்று அவர்தம் மணத்தை வடித்தெடுக்கிறான். அவனைக் கொல்லக் கூடிய கூட்டம் அவன் பூசிவந்த மணத்தை நுகர்ந்ததும் அவனை நிரபராதி என்று நம்புகிறது. மகளை இழந்த தந்தையே அவனைத் தழுவிக்கொள்கிறார். பிறகு அக்கொலைகளுக்காக வேறொருவன் தூக்கிலிடப்படுகிறான். வாசகர் பலர் மயக்கத்தைப் பற்றிப் பேசுகின்றனர். தூக்கிலிடப்பட்ட அந்த வேறொருவனைப் பற்றிப் பேசுவோர் குறைவு. நம் நோக்கில் நாவலின் கொடிய இடம் அதுவே.

ரோல்ட் டால் 1974இல் வெளியிட்ட ஒரு தொகுப்பிலும் இத்தகைய கதை உண்டு. ஆடவரைக் கட்டுக்கடங்காத வேட்கைக்கு ஆளாக்கும் மணப்பொருளைக் கொண்டு அமெரிக்க அதிபரையே இழிவுபடுத்தத் திட்டமிடும் கதை அது. தமிழில், அமானுடமாகத் தோன்றும் நிகழ்ச்சிகளுக்கு அறிவியல் விளக்கம் தேடும் மரபைச் சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' பரவலாக்கியது எனலாம். கணேஷும் வசந்தும் அதில் எதிர்கொள்வது ஒளியின் மாயம். மணத்தின் மாயத்தை மையமாக்கிய வழக்கு ஒன்று தமிழில் அதற்கு மிகப் பழங்காலத்திலேயே நடந்து முடிந்திருக்கிறது.

தும்பியிடம் ஒரு விசாரணை

தருமியின் கதையை அறியாதார் இலர். 1965இல் வெளிவந்த 'திருவிளையாடல்' திரைப்படம் அதை மலேசியத் தோட்டப்புறங்கள்வரை கொண்டு சேர்த்தது. பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா, அல்லது பூவாலும் பூச்சாலும் வருவதா என்பதே பாண்டியனின் ஐயம். ஐயத்தைத் தீர்க்கும் பாட்டுக்குப் பொற்கிழி பரிசு. இறைவன் எழுதிக் கொடுத்ததாகச் சொல்லப்படும் பாட்டில் பொருட்குற்றம் கண்டார் நக்கீரர். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் இதைத் தனிப் படலமாகவே பாடியுள்ளது. நக்கீரர் சங்கறுத்து வளையல் செய்யும் குடியினர் என்ற மரபுவழிச் செய்தியும் உண்டு. வளையல் உடைந்த ஊரைப் பற்றி எழுதத் தொடங்கிய நமக்கு அவர் எதிர்ப்படுவது தற்செயலே ஆயினும் இனிமையாக இருக்கிறது.

புராண அவையில் நடந்தது வாதம், சோதனை அன்று. பாண்டியனும் நக்கீரரும் இறைவனும் பேசினரேயன்றி, எவரும் ஒரு கூந்தலையேனும் கழுவி, பூவின்றி, எண்ணெயின்றி நுகர்ந்து பார்த்ததாகச் செய்தி இல்லை. இன்றைய அறிவியல் இருவருக்கும் பாதி வெற்றியே கொடுக்கும். உச்சந்தலையின் எண்ணெய்ச் சுரப்பிகளும் அங்கு வாழும் நுண்ணுயிர்களும் சேர்ந்து ஒருவகை மணத்தை உண்டாக்குவது உண்மை. ஆனால் அது ஆடவர் தலைக்கும் உண்டு. அதைப் பூமணம் என்று எவரும் சொல்லார்.

நாம் கருத்தில் கொள்ள வேண்டியது புராணத்தை விடவும் பழையதான மூலப்பாட்டு. குறுந்தொகையின் இரண்டாம் பாடலாக இறையனார் பெயரில் அமைந்துள்ள அப்பாட்டில், தலைவன் தும்பியைச் சாட்சிக்கு அழைக்கிறான். பூக்களிலேயே வாழ்வு நடத்தும் தும்பி மணத்தில் வல்லுநர். இன்றைய சட்ட மொழியில் அதை நிபுணச் சாட்சி எனலாம். அந்த வல்லுநரிடம் கேள்வி கேட்குமுன் தலைவன் ஒரு நிபந்தனை விதிக்கிறான்: என் மனத்திற்கு உகந்ததைச் சொல்லாதே, நீ கண்டறிந்ததைச் சொல்.

உரையாசிரியர்கள் இதைக் காதலனின் நயமான பேச்சாகவே கண்டனர், அது சரியே. அவன் எந்த விடையை விரும்புகிறான் என்பது தும்பிக்கும் தெரியும், கேட்டு நிற்கும் தலைவிக்கும் தெரியும். ஆனால் மணம் பற்றிய சாட்சியத்தில் உள்ள அடிப்படைச் சிக்கலை அந்த நிபந்தனை தொட்டுவிடுகிறது. பேச இயலாத ஓர் உயிர் சொல்லும் சாட்சியம், அது உணர்ந்ததா, அல்லது கேட்பவன் விரும்பியதா? காவல்துறை நாய்களைப் பற்றி அண்மைக்கால ஆய்வாளர் கேட்பதும் இதே கேள்விதான்.

பூச்சியின் உலகில் மெய், மனிதனிடத்தில்?

மணத்தால் வசப்படுத்தல் இயற்கையில் இல்லாததன்று. பிரெஞ்சு இயற்கை அறிஞர் ழான் ஆன்றி ஃபாபர் கூண்டில் வைத்திருந்த ஒரு பெண் அந்துப்பூச்சியைத் தேடி ஒரே இரவில் ஏறத்தாழ நாற்பது ஆண்பூச்சிகள் அவர் வீட்டிற்குள் பறந்து வந்தன. அவற்றை அழைத்தது மணமே என்று அவர் கருதினார். அத்தகைய அழைப்பின் வேதிப்பொருளைப் பிரித்தெடுக்க அடோல்ஃப் பூட்டெனான்ட் குழுவினருக்கு இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட உழைப்பும் ஏறத்தாழ ஐந்து லட்சம் பட்டுப்பூச்சிகளும் தேவைப்பட்டன. 1959இல் 'பாம்பிகால்' என்னும் அப்பொருள் உலகிற்கு அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் கார்ல்சன், லூஷர் ஆகிய இருவர் 'ஃபெரமோன்' என்ற சொல்லைப் படைத்தனர். ஓர் உயிரி வெளியிட்டு, அதே இனத்தின் மற்றோர் உயிரியிடம் குறிப்பிட்ட எதிர்வினையைத் தூண்டும் பொருள் என்பது அச்சொல்லின் பொருள்.

இதற்குச் சான்று தேடி ஐரோப்பாவரை போக வேண்டியதில்லை. செம்பனை மறுநடவு செய்யும் தோட்டங்களில் காண்டாமிருக வண்டைப் பிடிக்க இனக்கவர்ச்சிப் பொறிகளைத் தொங்கவிடுவது வழக்கம். பொறிக்குள் இருக்கும் சிறு உறையில் அவ்வண்டின் கூடல் மணம் செயற்கையாகத் தயாரித்து வைக்கப்பட்டிருக்கும். ஆண், பெண் இரண்டும் தேடிவந்து விழும்.

ஜோகூருக்கு இதில் தனிச்சிறப்பு ஒன்றும் உண்டு. செம்பனையின் மகரந்தத்தைக் காற்றே சுமக்கிறது என்று நெடுங்காலம் நம்பினர். மலாயாவில் காய்ப்பு போதாமையால் தோட்டத் தொழிலாளர்கள் மரம் மரமாகச் சென்று கையால் மகரந்தம் தூவினர். ஆப்பிரிக்காவின் காமரூன் நாட்டில் அவ்வேலையை ஒரு சிறு கூன்வண்டு செய்து வருவதைப் பூச்சியியலாளர் ஆர்.ஏ. சையது ஆராய்ந்து நிறுவினார். செம்பனைப் பூ விரியும்போது வெளிப்படும் சோம்பு போன்ற மணமே அவ்வண்டை இழுக்கிறது. 1981இல் குளுவாங் வட்டாரத் தோட்டம் ஒன்றில் அவ்வண்டுகள் விடப்பட்டன. நாட்டின் செம்பனைத் தோட்டங்கள் எங்கும் அவை பரவின. கையால் தூவும் வேலை ஒழிந்தது. பூவும் வண்டும் வெவ்வேறு இனம் ஆதலால் இதை ஃபெரமோன் என்று சொல்லக்கூடாது. எனினும், மணத்தைத் துப்பாகக் கொண்டு 'செய்தது யார்' என்று கண்டுபிடித்த நம் மாநிலத்து விசாரணை இது என்பதில் ஐயமில்லை.

பாலூட்டிகளிலும் சான்று உண்டு. ஆண்பன்றியின் உமிழ்நீரில் உள்ள ஆண்ட்ரோஸ்டெனோன் என்னும் பொருளை நுகர்ந்த பெண்பன்றி, பருவத்தில் இருந்தால், அசையாமல் நின்று இணைய இடம் கொடுக்கும். பன்றி வளர்ப்போர் இதைத் தெளிப்பானாகவே விலைக்கு வாங்குகின்றனர்.

புனைவெழுத்தாளர் இங்கிருந்து மனிதனுக்கு ஒரே தாவலில் வந்துவிடுகிறார். தாவல் அத்தனை எளிதன்று. பல விலங்குகளில் இத்தகைய பொருள்களை உணரும் தனியுறுப்பு மூக்கினுள் உள்ளது. மனிதரிடம் அது கருவில் தோன்றித் தேய்ந்துவிடும் எச்சமாகவே காணப்படுகிறது. அவ்வுறுப்பு இயங்கத் தேவையான மரபணு ஒன்றும் நம்மிடம் செயலிழந்து கிடக்கிறது. பொது மூக்கின் வழியே அத்தகைய குறிப்புகள் சேரலாம் என்ற வாய்ப்பு மறுக்கப்படவில்லை. ஏறத்தாழ நானூறு வகை மண உணர்விகள் நம் மூக்கில் உள்ளன. ஆனால் மனிதரை ஈர்க்கும் ஃபெரமோன் என்று ஐயமற நிறுவப்பட்ட வேதிப்பொருள் இதுவரை ஒன்றுகூட இல்லை.

பிறகு சந்தையில் விற்கப்படும் 'ஈர்ப்பு வாசனைத் திரவியங்கள்' எங்கிருந்து வந்தன? ஆக்ஸ்ஃபோர்டு விலங்கியலாளர் டிரிஸ்ட்ரம் வயாட் 2015இல் வெளியிட்ட கட்டுரையில் இதன் வேரைத் தோண்டிக் காட்டினார். 1991இல் பாரிசில் நடந்த ஒரு மாநாட்டிற்குப் பணம் கொடுத்தது, இரண்டு வேதிப்பொருள்களின்மீது வணிக உரிமை கொண்டிருந்த ஒரு நிறுவனம். அவை எவ்வாறு பிரித்தெடுக்கப்பட்டன, ஏன் தெரிந்தெடுக்கப்பட்டன என்ற விவரமே இல்லாமல் அவை 'மனித ஃபெரமோன் எனக் கருதப்படுவன' என்று அங்கு அறிமுகமாயின. பின்வந்த ஆய்வாளர் பலர் மூலத்தை வினவாமல் அவற்றையே சோதித்துக்கொண்டிருந்தனர். 2017இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், சோதிப்பவருக்கும் சோதிக்கப்படுபவருக்கும் எது எது என்று தெரியாத முறையில் அவ்விரண்டையும் நுகரச் செய்து பார்த்தனர். எதிர்ப்பால் முகங்களின் கவர்ச்சியைப் பற்றிய மதிப்பீட்டில் எந்த மாற்றமும் தென்படவில்லை.

1995இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கிளவுஸ் வேடகின்ட் நடத்திய சட்டைச் சோதனையும் கதைகளில் அடிக்கடி தலைகாட்டும். 44 ஆடவர் இரண்டு இரவு அணிந்த சட்டைகளை 49 பெண்கள் நுகர்ந்து மதிப்பிட்டனர். நோய் எதிர்ப்பு மரபணுக்களில் தம்மிலிருந்து வேறுபட்டவரின் மணத்தையே பெண்கள் இனிதெனக் கூறினர். கருத்தடை மாத்திரை உண்போரிடம் இது தலைகீழாயிற்று. சுவையான முடிவுதான். எனினும் பின்னர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது உறுதியான பொது விதி எதுவும் எழவில்லை.

குற்றப்புனைவுக்கு உண்மையில் நெருக்கமானவை இஸ்ரேலின் வைஸ்மன் கழகத்திலிருந்து வந்த இரு ஆய்வுகள் என்பது நம் கருத்து. மனித உடலிலிருந்து வெளிப்படும் ஹெக்ஸாடெக்கனல் என்னும் மணமற்ற பொருள் ஆடவரின் வன்மத்தைக் குறைப்பதாகவும் பெண்டிரின் வன்மத்தைக் கூட்டுவதாகவும் 2021இல் ஓர் ஆய்வு கூறியது. பெண்களின் அழுகைக் கண்ணீரை நுகர்ந்த ஆடவர், ஒரு விளையாட்டில் எதிராளியைப் பழிவாங்கும் அளவு 40 விழுக்காட்டிற்கு மேல் குறைந்ததாக 2023இல் மற்றோர் ஆய்வு அறிவித்தது. இவை ஆய்வுக்கூட விளையாட்டில் அளக்கப்பட்ட சராசரிச் சாய்வுகள். ஒருவனைக் கருவியாக்கி ஏவும் ஆற்றல் இவற்றில் எதற்கும் காட்டப்படவில்லை.

மயக்கமும் சட்டமும்

அத்தகைய பொருள் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டதாகவே கதைக்காக வைத்துக்கொள்வோம். குற்றம் கெலாங் பாத்தாவில் நிகழ்கிறது. குற்றவாளி 'மணம் என்னை இழுத்தது' என்கிறான். மலேசியக் குற்றவியல் தண்டனைச் சட்டம் அவனுக்கு என்ன விடை சொல்லும்?

84ஆம் பிரிவு மனநிலை பிறழ்ந்தோருக்கு உரியது. தான் செய்வது இன்னதென்றோ அது தவறென்றோ அறிய இயலாத நிலை இருந்தால்தான் அது துணை நிற்கும். அறிந்தும் அடக்க முடியவில்லை என்பது அதன் எல்லைக்குள் வராது. 85ஆம் பிரிவு போதையைப் பற்றியது. போதை பொதுவாக மன்னிப்பைத் தராது. ஆனால் மற்றொருவரின் தீய எண்ணத்தாலோ கவனக்குறைவாலோ, தன் இசைவின்றிப் போதையூட்டப்பட்டு, செய்வது இன்னதென அறியாமல் செய்தவனுக்கு விலக்கு உண்டு. மருந்துகளால் விளையும் நிலையும் போதையுள் அடங்கும் என்று அடுத்த பிரிவு கூறுகிறது. ஆகவே கதையாசிரியர் உருவாக்கும் மணப்பொருள் அறிவையே மறைப்பதாக இருந்தால் தெளிக்கப்பட்டவன் தப்பலாம், தெளித்தவன் மாட்டுவான். வெறுமனே ஆசையைக் கூட்டுவதாக இருந்தால், ஆசைகொண்டு செய்தவன் தப்ப வழியில்லை.

மறுபக்கமும் உண்டு. அம்மணத்தை ஒரு பெண்மீது பயன்படுத்தி அவள் இசைந்தாள் என்று ஒருவன் வாதிட்டால், 90ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். போதையால் தான் இசைவது எதற்கென்று உணர முடியாதவர் தரும் இசைவு, இசைவே அன்று.

பூச்சூடிய கூந்தலின் மணமோ, உடலின் இயற்கை மணமோ எந்தப் பிரிவிலும் குற்றத்தைக் குறைக்கும் காரணமாக இடம்பெறவில்லை. நம் திரைப்படங்களும் தொடர்கதைகளும் இடம் கொடுத்திருக்கின்றன. 'அவள் மணமே அவனை அழைத்தது' என்று எழுதும் பேனா, புராணம் விட்ட இடத்திலிருந்து தொடர்வதாக எண்ணிக்கொள்ளலாம். புராணத்தில்கூட வழக்கு பாட்டின்மீதுதான் நடந்தது, கூந்தலுக்குரியவள்மீது அன்று.

மோப்பம் காட்டிய ஆள்

இனி இரண்டாம் கூற்று. ஜோகூர் மக்கள் நினைவில் வைத்திருக்கக்கூடிய நிகழ்ச்சி ஒன்றிலிருந்து தொடங்குவோம். 2007ஆம் ஆண்டு மார்ச்சில் லக்கி, ஃபுளோ என்னும் இரு கறுப்பு லாப்ரடார் நாய்கள் மலேசியாவிற்குக் கொண்டுவரப்பட்டன. குறுவட்டுகள் செய்யப் பயன்படும் நெகிழியின் மணத்தைக் கண்டறிய அவை பழக்கப்பட்டிருந்தன. ஜோகூர் பாருவில் அவற்றின் துணையோடு நடந்த சோதனையில் ஏறத்தாழ பத்து லட்சம் திருட்டு வட்டுகள் பிடிபட்டன. அந்நாய்களின் தலைக்குக் கடத்தல்காரர்கள் விலை வைத்துள்ளதாகச் செய்தி வெளியாகி, அவற்றுக்கே பாதுகாப்பு தேவைப்பட்டது. புனைவாசிரியன் எழுதியிருந்தால் மிகைப்படுத்துகிறான் என்று ஒதுக்கியிருப்போம்.

இங்கு ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். அந்நாய்களுக்குத் திருட்டு வட்டு எது, நேர்மையான வட்டு எது என்று தெரியாது. அவை இடத்தைக் காட்டின. கதவைத் திறந்த அதிகாரிகள் பொருளைக் கண்டனர். நாயின் சொல் சரியா என்பதை வட்டே மெய்ப்பித்தது. நாய் ஒரு மனிதனைச் சுட்டிக் காட்டும்போது அவ்வாறு திறந்து பார்க்கக் கதவு ஏதும் இல்லை. எஞ்சுவது நாய் நின்றது, அமர்ந்தது என்ற குறிப்பும், அதற்குப் பயிற்சியாளர் கூறும் பொருளுமே.

2011இல் கலிஃபோர்னியாவில் வெளியான ஆய்வு ஒன்று இதைத் தெளிவாக்கியது. போதைப்பொருள், வெடிபொருள் கண்டறியும் 18 நாய்–பயிற்சியாளர் இணைகளை ஒரு கட்டடத்திற்குள் தேடவிட்டனர். சில இடங்களில் மணம் மறைக்கப்பட்டிருக்கும் என்று பயிற்சியாளரிடம் கூறினர். உண்மையில் எங்கும் எதுவும் இல்லை. 144 தேடல்களில் எச்சரிக்கை ஏதுமின்றி முடிந்தவை 21 மட்டுமே. பயிற்சியாளர் நம்பியதை நாய் கண்டுபிடித்தது. அல்லது நாய் கண்டுபிடித்ததாகப் பயிற்சியாளர் கண்டார். குறுந்தொகைத் தலைவன் தும்பிக்கு இட்ட நிபந்தனை இங்கு மீறப்பட்டதைக் காண்கிறோம். நாயிடம் வஞ்சகம் இல்லை; தன்னைப் பேணுபவரின் உடலசைவைப் படிப்பதில் அது நம்மினும் தேர்ந்தது.

நெதர்லாந்தில் மண அணிவகுப்பு என்னும் முறை வழக்கில் இருந்தது. குற்ற இடத்துப் பொருளை நாய்க்கு நுகரக் கொடுத்து, பலர் பிடித்த உலோகக் குழாய்களுள் எது பொருந்துகிறது என்று காட்டச் செய்வர். சந்தேகத்திற்குரியவரின் குழாய் எந்த இடத்தில் உள்ளது என்பது பயிற்சியாளருக்குத் தெரியக்கூடாது என்பது விதி. 1997 முதல் 2006 வரை நாட்டின் வடக்கு, கிழக்குப் பகுதிக் காவல் பிரிவில் அவ்விதி மீறப்பட்டது பின்னர் வெளிப்பட்டு, முடிந்துபோன வழக்குகளை மீண்டும் திறக்க வேண்டியதாயிற்று.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் துணை ஷெரீப் ஒருவர் தம் சொந்த நாய்களைக் கொண்டு இத்தகைய அணிவகுப்புகளைப் பல ஆண்டுகள் நடத்தி வந்தார். 2004இல் நடந்த ஒரு கொலைக்காக ஒரு தந்தையும் அவர் மகளும் அந்நாய்கள் காட்டியதை முதன்மைச் சான்றாகக் கொண்டு தண்டிக்கப்பட்டனர். தந்தைக்கு 75 ஆண்டு சிறை. 2010இல் அம்மாநிலத்தின் உயர்நிலைக் குற்றவியல் நீதிமன்றம் மண அணிவகுப்பு மட்டும் ஒருவரைத் தண்டிக்கப் போதாது என்று கூறி அவரை விடுவித்தது. மகள் விடுபட 2013 ஆயிற்று. ஒரே குடும்பம், ஒரே வழக்கு, ஒரே நாய்கள். நீதி இருவரையும் தனித்தனியே வந்தடைந்தது.

கிழக்கு ஜெர்மனியின் உளவுத்துறை மாற்றுக் கருத்துடையோரின் மணத்தைத் துணியில் ஏற்றிக் கண்ணாடிச் சாடிகளில் அடைத்து வைத்திருந்தது. அச்சாடிகள் இன்று அருங்காட்சியகத்தில் உள்ளன. அறிவியல் புனைவாகத் தோன்றும் இது கற்பனையன்று.

இந்திய உச்ச நீதிமன்றம் இதில் முன்கூட்டியே விழித்திருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. 1969இல் இரயில் கவிழ்ப்பு வழக்கொன்றில் நாயின் சாட்சியத்திற்கு எதிரான தடைகளை அது வகுத்துரைத்தது. நாய் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல இயலாது. அதன் சார்பில் பயிற்சியாளர் சொல்வது செவிவழிச் சாட்சியத்தை ஒத்தது. நாயின் ஊகத்தைக் கொண்டு மனிதரின் உயிரும் உரிமையும் தீர்மானிக்கப்படலாகாது. 2001இல் வந்த மற்றொரு தீர்ப்பும் நாயோ அதன் பயிற்சியாளரோ பிழைபடக்கூடும் என்பதைச் சுட்டி, புலனாய்வுக்கு வழிகாட்டியாக நாயைப் பயன்படுத்தலாம், தீர்ப்புக்கு அதன்மீது பெரும் பாரம் ஏற்றலாகாது என்ற நிலையை எடுத்தது.

கெலாங் பாத்தாவில் ஒரு கதை

நம் எழுத்தாளர் ஒருவர் இவ்வகைக் கதையை இவ்வூரில் வைத்து எழுதுவாராயின், களம் ஆயத்தமாகவே இருக்கிறது. 1998இல் திறக்கப்பட்ட சிங்கப்பூருக்கான இரண்டாம் இணைப்புப் பாலம் அருகில் உள்ளது. 2000ஆம் ஆண்டு முதல் முழுவீச்சில் இயங்கிவரும் தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகத்தில் கொள்கலன்கள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. சதுப்புநிலக் காடும் செம்பனையும் சுற்றிலும் உண்டு. இத்தனை மணங்கள் கலக்கும் இடத்தில், வெயிலிலும் மாலை மழையிலும், ஓர் ஆளின் மணம் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதே கதையின் கடிகாரமாக அமையலாம்.

ஓர் எச்சரிக்கை மட்டும் உண்டு. அக்குள் மணத்தின் செறிவைத் தீர்மானிப்பதில் ஒற்றை மரபணு ஒன்றிற்குப் பெரும் பங்குண்டு. கிழக்காசியரில் பெரும்பாலோருக்கு அம்மணம் குறைவு. பல இனத்தார் கூடி வாழும் ஊரில் கதை எழுதுவோர் இதைப் பிடித்துக்கொண்டு, மணத்தை வைத்து இனத்தையும் இனத்தை வைத்துக் குற்றத்தையும் ஊகிக்கும் துப்பறிவாளரைப் படைத்துவிடக்கூடும். அவ்வாறு படைப்பின் அவரைக் கதைக்குள்ளேயே எவரேனும் மடக்கிக் கேட்க வேண்டும்.

துப்பறிவாளர் செய்யத்தக்கது வேறு. குற்ற இடத்துத் துணியைத் தூய கண்ணாடிச் சாடியில் அடைத்து, யார் எடுத்தார், எப்போது எடுத்தார் என்று எழுதி முத்திரையிட வேண்டும். ஒரு பாதியை வாயு நிறப்பிரிகைக் கருவிக்கு அனுப்பி, நாய் மட்டுமின்றி எந்திரமும் படிக்கும்படிச் செய்ய வேண்டும். மறுபாதிக்கு ஆறு சாடிகளை வரிசையாக வைக்க வேண்டும். வைத்தவர் அறையை விட்டு வெளியேற வேண்டும். நாயைப் பிடித்து வருபவருக்கு எந்தச் சாடி யாருடையது என்று தெரிந்திருக்கக் கூடாது. பிறகு, எவரிடமும் சொல்லாமல், சந்தேகத்திற்குரியவரின் சாடியே இல்லாத வரிசை ஒன்றையும் வைக்க வேண்டும். நாய் ஆறு சாடிகளையும் முகர்ந்து, எதையும் காட்டாமல் திரும்பி வந்து அமர்ந்தால், அதன்பின் அது காட்டுவதைத் துப்பறிவாளர் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளத் தொடங்கலாம்.